ஜான் கார்ட்டர்: நூறு ஆண்டு கழித்துத் திரைக்கு வந்த செவ்வாய்ச் சாகசம்

2012 மார்ச்சில் டிஸ்னி நிறுவனம் 'ஜான் கார்ட்டர்' என்ற படத்தை வெளியிட்டது. பார்த்தவர்களில் பலர் ஒரே குறையைச் சொன்னார்கள்: இதெல்லாம் ஏற்கெனவே பார்த்ததுதானே? வேற்றுக்கிரகத்து இளவரசி, பாலைவனம், பறக்கும் கப்பல்கள், கோதாவில் ராட்சத மிருகங்களோடு சண்டை, அந்நிய மண்ணுக்குப் போய் அங்குள்ளவர்களில் ஒருவனாகவே மாறிவிடும் போர்வீரன். எல்லாமே பழகிய முகங்கள். ஆனால் இந்தப் படத்தின் மூலக்கதை அச்சில் வந்தது 1912இல். படம் பார்த்தவர்களுக்குப் பழகியிருந்த மற்ற கதைகளில் பல, இதைப் படித்து வளர்ந்தவர்கள் எழுதியவை.

ஆக, முன்னோடி கடைசியாகத் திரைக்கு வந்திருக்கிறது. இந்தப் படத்தைச் சரியாகப் பார்க்க மூன்று விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும். பல்ப் கதை என்றால் என்ன, அதற்குள் செவ்வாய் எப்படி வந்தது, அப்படிப்பட்ட கதையைப் படமாக்கும்போது எதைக் காப்பாற்றியாக வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் பல்ப். மரக்கூழிலிருந்து செய்யப்பட்ட மலிவான, சொரசொரப்பான காகிதத்துக்கு அமெரிக்காவில் வழங்கிய பெயர் அது. 1896இல் பிராங்க் மன்ஸி தன்னுடைய 'ஆர்கோஸி' பத்திரிகையை அந்தக் காகிதத்துக்கு மாற்றி, பக்கம் முழுக்கக் கதைகளாகவே நிரப்பினார். விலை 10 சென்ட். பணக்காரர்கள் வாங்கும் வழுவழுப்பான பத்திரிகைகளுக்கு எட்டாத வாசகர்களைத் தேடி அது போனது. அப்புறம் வரிசையாக அதேபோலப் பத்திரிகைகள் வந்தன. துப்பறியும் கதை, கௌபாய் கதை, கடல் கதை, காட்டுக் கதை, விண்வெளிக் கதை என்று எல்லாம் இந்தப் பத்திரிகைகளில்தான் வளர்ந்தன. காகிதத்தின் பெயரே நாளடைவில் கதைக்கும் ஒட்டிக்கொண்டது.

பல்ப் கதையின் இலக்கணம் சுலபமானது. கதை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் தொடர்கதை என்பதால் ஒவ்வொரு பகுதியும் ஒரு ஆபத்தில் போய் நிற்க வேண்டும். நாயகன் உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடையாது. நம்பகத்தன்மை இரண்டாம்பட்சம், ஆர்வம்தான் முதல். இதை மட்டமான எழுத்து என்று ஒதுக்கியவர்கள் அன்றும் உண்டு. இன்றும் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. படிப்பவரைப் பக்கம் புரட்ட வைப்பது ஒரு கைத்திறன். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

எட்கர் ரைஸ் பரோஸுக்கு அது தாராளமாக வாய்த்திருந்தது. 1875இல் சிகாகோவில் பிறந்தவர். இளவயதில் அரிசோனாவில் ஏழாவது குதிரைப்படையில் கொஞ்ச காலம் இருந்தார். இதயக் கோளாறு என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு பல வேலைகள் பார்த்தார், எதிலும் நிலைக்கவில்லை. பென்சில் சீவும் கருவி விற்கும் தொழிலில் இருந்த நாட்களில், பல்ப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களைச் சரிபார்ப்பதும் அவர் வேலையாக இருந்தது. அப்படிப் புரட்டும்போது கதைகளையும் படித்தார். இதுபோல நாமும் எழுதலாமே என்று தோன்றியது. 1911இல், முப்பத்தைந்து வயது தாண்டிய பிறகு, எழுத உட்கார்ந்தார்.

அந்தக் கதை 'செவ்வாயின் நிலவுகளுக்குக் கீழே' என்ற பொருள்படும் தலைப்பில் 'ஆல்-ஸ்டோரி' பத்திரிகையில் 1912 பிப்ரவரி முதல் ஜூலை வரை தொடராக வந்தது. பரோஸுக்குக் கிடைத்தது 400 டாலர். இப்படியொரு கதையைச் சொந்தப் பெயரில் போட்டால் கேலி செய்வார்களோ என்று 'நார்மல் பீன்' என்ற புனைபெயர் கொடுத்திருந்தார். என் மூளை நன்றாகத்தான் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அச்சில் அது 'நார்மன் பீன்' ஆகிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அதே பத்திரிகையில் அவருடைய டார்ஜான் கதையும் வந்துவிட்டதால், அதற்கப்புறம் புனைபெயருக்குத் தேவையே இல்லாமல் போனது. செவ்வாய்க் கதை 1917இல் 'எ பிரின்சஸ் ஆஃப் மார்ஸ்' என்ற பெயரில் புத்தகமானது.

ஏன் செவ்வாய்? அதற்குக் காரணம் அன்றைய வானியல். 1877இல் இத்தாலிய வானியலாளர் ஜொவானி ஸ்கியாப்பரெல்லி, தொலைநோக்கியில் செவ்வாயின் மேல் நீளமான கோடுகளைப் பார்த்ததாக வரைந்து காட்டினார். அதைப் பிடித்துக்கொண்ட அமெரிக்கர் பெர்சிவல் லோவெல், 1894இல் அரிசோனாவின் பிளாக்ஸ்டாஃபில் ஒரு வானாய்வகமே கட்டினார். அந்தக் கோடுகள் கால்வாய்கள் என்றார். நீர் வற்றிச் சாகும் கிரகத்தில், துருவப் பனியை உருக்கிக் கொண்டுவர அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள். 1895, 1906, 1908 என்று மூன்று புத்தகங்கள் எழுதினார். மற்ற விஞ்ஞானிகள் பலர் இதை ஏற்கவில்லை. ஆனால் மக்கள் மனதில் செவ்வாய் முதுமையடைந்த ஒரு நாகரிகமாகப் பதிந்துவிட்டது. 1965 ஜூலையில் மரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் வெறும் பள்ளங்கள்தான் தெரிந்தன. அதுவரை அந்தக் கனவு ஏதோ ஒரு வடிவில் உயிரோடு இருந்தது.

பரோஸ் லோவெலின் செவ்வாயை அப்படியே எடுத்துக்கொண்டு மேலே ஓர் உலகம் கட்டினார். அங்குள்ளவர்கள் தங்கள் கிரகத்துக்கு வைத்திருக்கும் பெயர் பார்சூம். கடல்கள் வற்றி, அடித்தளத்தில் பாசி மட்டும் மிச்சமிருக்கிறது. கால்வாய்க் கரையில் நகரங்கள். காற்றே குறைந்துவிட்டதால் அதைத் தயாரிக்க ஓர் ஆலை. பதினைந்து அடி உயரம், நான்கு கைகள் கொண்ட பச்சை நிறத்தவர் ஒரு பக்கம். மனிதர்களைப் போலவே தோன்றினாலும் முட்டையிலிருந்து பிறக்கும் சிவப்பு நிறத்தவர் இன்னொரு பக்கம். எல்லோரும் எல்லோருடனும் போர். வான்கப்பலும் உண்டு, வாளும் உண்டு. இப்படி வேற்றுக்கிரகத்தையே களமாக்கி, அறிவியலைப் பின்னணியில் வைத்து, வாள்வீச்சையும் காதலையும் முன்னால் நிறுத்தும் கதை வகைக்கு ஆங்கிலத்தில் பிளானட்டரி ரொமான்ஸ் என்று பெயர். தமிழில் கிரக சாகசம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த வகைக்கு வழி வகுத்த கதைகளில் இதுதான் முதலில் சொல்லப்படுவது.

இங்கே ஓர் இடத்தை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்துப் படைத்தலைவன் ஜான் கார்ட்டர். அரிசோனாவில் தங்கம் தேடப் போனவன், ஒரு குகையில் மயங்கி விழுந்து, செவ்வாயில் கண் விழிக்கிறான். எப்படிப் போனான் என்று பரோஸ் விளக்குவதே இல்லை. எழுந்து நிற்கிறான், ஓர் அடி வைக்கிறான், தூக்கியெறியப்பட்டு விழுகிறான். செவ்வாயின் ஈர்ப்பு பூமியினுடையதில் 38 சதவீதம்தான், அவன் தசைகளோ பூமிக்குப் பழகியவை. தவழ்ந்து பழகி, கண்ணாடிக் கூரை போட்ட ஒரு கட்டடத்தை நெருங்கிப் பார்க்கிறான். உள்ளே முட்டைகள். சில அப்போதுதான் பொரிந்திருக்கின்றன. பின்னால் உலோகம் உரசும் சத்தம் கேட்டுத் திரும்பினால், நாற்பதடி நீளமுள்ள ஈட்டியோடு ஒரு பச்சை வீரன் பாய்ந்து வருகிறான். கார்ட்டர் பயத்தில் துள்ளுகிறான். முப்பதடி உயரம் எழும்பி நூறடி தள்ளிப் போய் விழுகிறான்.

கணக்குப் போட்டால் இது நடக்காது. பூமியில் இரண்டடி எம்பக்கூடியவர் செவ்வாயில் ஏறக்குறைய ஐந்தடிதான் எம்புவார். ஆனால் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது யாரும் கணக்குப் போடுவதில்லை, ஏனென்றால் அடுத்த நொடி என்ன ஆகுமென்று கார்ட்டருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஈட்டியோடு வந்தவன் அந்தத் தாவலில் அசந்துபோய், தன் ஆயுதங்களைக் கீழே போட்டுவிட்டு, கையில் கிடந்த காப்பைக் கழற்றி நீட்டுகிறான். டார்ஸ் டார்காஸ் என்ற அந்தப் பச்சைத் தலைவன் பிற்பாடு கார்ட்டரின் உற்ற தோழனாகிறான். புத்தகத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. நாயகனுக்குத் தெரிந்தது மட்டுமே வாசகருக்கும் தெரியும். ஒவ்வொரு விலங்கையும், ஒவ்வொரு வழக்கத்தையும், ஒவ்வொரு துரோகத்தையும் இருவரும் சேர்ந்தே கண்டுபிடிக்கிறார்கள். கார்ட்டரே தன் கதையைத் 'நான்' என்று சொல்லிக்கொண்டு போவதால் இது தானாகவே அமைகிறது.

இந்தக் கதையைப் படமாக்கும் முயற்சி 1930களிலேயே தொடங்கிவிட்டது. கார்ட்டூன் இயக்குநர் பாப் கிளாம்பெட், பரோஸின் மகன் ஜான் கோல்மன் பரோஸோடு சேர்ந்து ஒரு மாதிரிப் படச்சுருள் தயாரித்து எம்ஜிஎம் நிறுவனத்திடம் காட்டினார். அது மேலே நகரவில்லை. 1980களின் பிற்பகுதியில் படமாக்கும் உரிமையை டிஸ்னி வாங்கியது. ஜான் மெக்டியர்னன் இயக்குவதாகப் பேச்சு இருந்தது. நான்கு கை மனிதர்களை நம்பும்படி காட்டும் தொழில்நுட்பம் அப்போது இல்லை. 2000களில் பாரமவுன்ட் நிறுவனத்திடம் போய், ராபர்ட் ரோட்ரிகஸ், கெர்ரி கான்ரன், ஜான் ஃபேவ்ரோ என்று மூன்று இயக்குநர்களைத் தாண்டி, மறுபடி டிஸ்னிக்கே திரும்பி வந்தது.

அதற்குள் என்ன ஆயிற்று என்பதுதான் வேடிக்கை. 1934இல் ஃபிளாஷ் கார்டன் சித்திரக்கதை வந்து, அந்நிய கிரகத்தில் வாளோடு சாகசம் செய்யும் நாயகனை எல்லோருக்கும் தெரிந்தவனாக்கியது. 1938இல் வந்த சூப்பர்மேன் முதலில் பறக்கவில்லை, கார்ட்டரைப் போலத் தாவித்தான் கட்டடங்களைக் கடந்தான். ஃபிளாஷ் கார்டனைப் படமாக்கும் உரிமை கிடைக்காததால் ஜார்ஜ் லூகாஸ் சொந்தமாக ஒன்று உருவாக்கினார். அது 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' ஆக வந்தது. ஜேம்ஸ் கேமரூன் தன் 'அவதார்' படத்துக்கு ஜான் கார்ட்டர் கதைகளும் ஒரு தூண்டுதல் என்று வெளிப்படையாகவே சொன்னார். அது வந்தது 2009இல், மூலக்கதையின் படத்துக்கு மூன்றே ஆண்டுகள் முன்னால். வைத்திருந்த சொத்தையெல்லாம் ஊருக்குக் கடன் கொடுத்துவிட்டுக் கடைசியில் விருந்து வைக்க நின்றவரின் நிலை அது.

படத்தை இயக்கியவர் ஆண்ட்ரூ ஸ்டான்டன். 'ஃபைண்டிங் நீமோ', 'வால்-ஈ' என்ற இரண்டு அருமையான அனிமேஷன் படங்களைத் தந்தவர். மனிதர்களை வைத்து அவர் இயக்கிய முதல் படம் இது. சிறுவயதில் மார்வெல் சித்திரக்கதை வழியாக ஜான் கார்ட்டரை அறிந்து, பிறகு புத்தகங்களைத் தேடிப் படித்தவர். திரைக்கதையில் மார்க் ஆண்ட்ரூஸும் நாவலாசிரியர் மைக்கேல் ஷேபனும் கூட இருந்தார்கள். கார்ட்டராக டெய்லர் கிட்ச், இளவரசி டேஜா தோரிஸாக லின் காலின்ஸ். டார்ஸ் டார்காஸாக வில்லெம் டஃபோ. யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில், சாம்பல் நிற உடையும் முகத்துக்கு நேரே சின்னக் கேமராவும் மாட்டிக்கொண்டு, பொய்க்கால்களில் ஏறி நின்று அவர் நடித்தார். கணினி அந்த நடிப்பின் மேல்தான் பச்சைத் தோலைப் போர்த்தியது. அதனால்தான் டார்ஸின் கண்களில் களைப்பும் குறும்பும் தெரிகின்றன.

தழுவல் என்றால் புத்தகத்தை வரிக்கு வரி படம்பிடிப்பது என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. அது முடியாது, தேவையும் இல்லை. எழுத்து செய்யும் வேலையைத் திரையில் வேறு வழியில் செய்ய வேண்டும். எந்த மாற்றம் கதையின் உயிரைத் தொடுகிறது, எது தொடவில்லை என்று பார்ப்பதுதான் நம் வேலை. சில மாற்றங்களைப் பற்றிப் பேசவே தேவையில்லை. புத்தகத்தில் செவ்வாய்வாசிகள் அணிகலன் தவிர ஒன்றும் உடுத்துவதில்லை, படத்தில் உடுத்துகிறார்கள். பச்சை நிறத்தவர் கொஞ்சம் குள்ளமாகியிருக்கிறார்கள். மனிதரும் அவர்களும் ஒரே சட்டகத்தில் நின்று பேச அது வசதி.

டேஜா தோரிஸை மாற்றியது நல்ல காரியம். புத்தகத்தில் அவள் கம்பீரமானவள், அறிவியல் பணிக்காகப் பயணம் போகும்போதுதான் சிறைபிடிக்கப்படுகிறாள். ஆனால் அதற்கப்புறம் பெரும்பாலும் மீட்கப்படுவதே அவள் வேலை. படம் அந்த அறிவியலை முன்னுக்குக் கொண்டுவந்து, அவளை ஓர் ஆய்வாளராகவும் வாள் பிடிக்கத் தெரிந்தவளாகவும் ஆக்கியது. அரிசோனாப் பகுதியில் பரோஸ் அபாச்சி பழங்குடி மக்களை வெறும் ஆபத்தாகவே காட்டியிருந்தார். இன்று படிக்கையில் அது உறுத்துகிறது. படத்தில் கார்ட்டர் அவர்களோடு சண்டையிட மறுக்கிறான், அவனைத் துரத்துவது குதிரைப்படை. இதுவும் சரியான மாற்றமே.

கார்ட்டரின் குணத்தை மாற்றியது பாதி பலித்தது. புத்தகத்துக் கார்ட்டருக்கு மனக்காயம் எதுவும் கிடையாது. பயமறியாதவன், வாக்குத் தவறாதவன், முதல் பக்கத்தில் இருப்பவனே கடைசிப் பக்கத்திலும். தொடர்கதைக்கு அது போதும். இரண்டு மணி நேரப் படத்துக்குப் போதாது என்று நினைத்த ஸ்டான்டன், போரிலிருந்து திரும்பியபோது மனைவியும் மகளும் கொல்லப்பட்டிருப்பதைக் கண்டவனாக அவனை ஆக்கினார். இனி யாருக்காகவும் வாளெடுக்க மாட்டேன் என்று திரிகிறான். பல காட்சிகளில் இது அவனை உம்மென்று இருப்பவனாக்கி, கதையின் உற்சாகத்தைக் குறைக்கிறது. ஆனால் ஓரிடத்தில் இதே காயம் படத்தின் உச்சமாகிறது. டேஜாவும் பச்சை நிறத்தவளான சோலாவும் தப்பிப்பதற்காக, வார்ஹூன் என்ற வேறொரு பச்சை நிறத்தவர் கூட்டம் முழுவதையும் கார்ட்டர் தனியாக எதிர்த்து நிற்கிறான். பத்துக்கால் நாய் ஊலா மட்டும் அவனை விட்டுப் போகாமல் கூடவே நிற்கிறது. அவன் வாளை வீசும்போது ஒரு காட்சி, மனைவிக்கும் மகளுக்கும் குழி வெட்ட மண்வாரியைக் குத்தும்போது ஒரு காட்சி, இரண்டும் மாறி மாறி வருகின்றன. மைக்கேல் ஜியாகினோவின் இசையில் சண்டைச் சத்தம் அடங்கி, துக்கம் மேலே வருகிறது. புத்தகத்தில் இப்படி ஒரு காட்சி கிடையாது. ஆனாலும் மூலக்கதையின் வேகத்தை நிறுத்தாமல் அதற்கு ஓர் ஆழம் கொடுக்கிறது. நல்ல தழுவல் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இனிப் படம் எங்கே சறுக்கியது என்று பார்ப்போம். மூலக்கதையின் உயிர் சேர்ந்து கண்டுபிடிப்பதில் இருக்கிறது என்றேன். படம் அதைத் தொடக்கத்திலேயே விட்டுக்கொடுத்துவிட்டது. முதல் காட்சியிலேயே நாம் செவ்வாயில் இருக்கிறோம். ஒரு குரல் பார்சூம் பற்றியும் ஹீலியம், ஸோடாங்கா நகரங்களின் போர் பற்றியும் சொல்கிறது. வான்கப்பல்கள் மோதுகின்றன. தெர்ன் என்ற மர்ம மனிதர்கள் வந்து வில்லன் கையில் ஓர் ஆயுதத்தைத் தருகிறார்கள். பிறகு 1881இன் நியூயார்க். பிறகு 1868இன் அரிசோனா. அதற்கப்புறம்தான் கார்ட்டர் செவ்வாயில் விழுகிறான். அவன் கண் திறந்து திகைக்கும்போது நமக்குத் திகைப்பே இல்லை, நாம்தான் முன்பே வந்து பார்த்துவிட்டோமே. இத்தனைக்கும் அந்தக் காட்சி அழகாக எடுக்கப்பட்டது. கார்ட்டர் தடுமாறி, உருண்டு, மூக்கு மண்ணில் பட விழுந்து, மெல்ல மெல்லத் தாளம் பிடித்துத் தாவக் கற்றுக்கொள்கிறான். ஒரு வசனம் கிடையாது. படம் இங்கிருந்தே செவ்வாயைக் காட்டத் தொடங்கியிருந்தால் அரங்கமே அவனோடு சேர்ந்து குதித்திருக்கும் என்று இன்றும் எனக்கு ஆதங்கம் உண்டு.

தெர்ன்களும் இதே தப்பின் இன்னொரு பக்கம். அவர்கள் முதல் புத்தகத்தில் இல்லை. 1913இல் வந்த இரண்டாவது கதையில், பொய்யான ஒரு மதத்தைக் காட்டி ஒரு கிரகத்தையே ஏமாற்றும் குருமார்களாக வருகிறார்கள். அந்த ஏமாற்று வெளிப்படும்போது அதிர்ச்சியாக இருக்கும். படம் அவர்களை உருமாறும் சதிகாரர்களாக்கி முதல் நிமிடத்திலேயே முன்னால் நிறுத்தியது. கார்ட்டர் செவ்வாய்க்குப் போகும் வழிக்கும் அவர்களுடைய பதக்கத்தையே காரணமாக்கியது. பரோஸ் விளக்காமல் விட்ட இடத்தை விளக்கப்போய், வேண்டாத கனம் ஏறிவிட்டது.

வணிகத் தோல்விக்கு இது மட்டும் காரணமல்ல. 'ஜான் கார்ட்டர் ஆஃப் மார்ஸ்' என்று இருந்த தலைப்பிலிருந்து செவ்வாயை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது, அறியாதவர்களுக்கு யாரோ ஒருவருடைய பெயர். இந்தக் கதைதான் பலவற்றுக்கு மூலம் என்பதையும் விளம்பரங்கள் சொல்லத் தவறின. 25 கோடி டாலருக்கு மேல் செலவான படம் உலகம் முழுக்க 28 கோடி டாலர் வசூலித்தது. டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி திரையரங்குகளுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு வேறு. வெளியான பத்தே நாளில் ஏறக்குறைய 20 கோடி டாலர் நஷ்டம் வரும் என்று டிஸ்னி அறிவித்தது. திட்டமிட்டிருந்த அடுத்த பாகங்கள் கைவிடப்பட்டன. 2014இல் உரிமை பரோஸ் குடும்ப நிறுவனத்துக்கே திரும்பிவிட்டது. அந்த நஷ்ட அறிவிப்புதான் பலருக்கு இன்றும் படத்தைப் பற்றி நினைவிருப்பது. படத்தையே பார்க்காமல் தோல்வியை மட்டும் தெரிந்துவைத்திருப்பது அதற்கு நடந்த பெரிய அநியாயம்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு யோசனை. படத்துக்கு முன் புத்தகத்தின் முதல் பத்துப் பதினோரு அத்தியாயங்களையாவது படித்துவிடுங்கள். அமெரிக்காவில் பதிப்புரிமை முடிந்துவிட்டதால் குட்டன்பெர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் பழைய பாணிதான், ஆனால் கடினமில்லை. அப்புறம் படத்தைப் பாருங்கள், முடிந்தால் அந்த முன்கதைக் காட்சியைத் தாண்டிவிட்டு நியூயார்க்கிலிருந்து தொடங்குங்கள். பிடித்துப்போனால் 'த காட்ஸ் ஆஃப் மார்ஸ்', 'த வார்லார்ட் ஆஃப் மார்ஸ்' இரண்டையும் கையோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று புத்தகங்களும் உண்மையில் ஒரே நீளக் கதை. முதல் புத்தகம் முடியும் இடத்தில் செவ்வாயின் காற்று ஆலை நின்றுபோயிருக்கும், கார்ட்டரோ பூமியில் இருப்பான். அங்கே யாராவது பிழைத்தார்களா என்பது அவனுக்கும் தெரியாது. 1912 ஜூலையில் அதைப் படித்தவர்கள் பதிலுக்கு அடுத்த ஜனவரி வரை காத்திருந்தார்கள்.